வயதேறாத காய்ச்சல்

வைரஸ்களுக்குள்ளும் பங்காளி முறை உண்டு என்பது டைட்டஸின் கட்சி. ஒரே தாய்க் கிருமியிலிருந்து போன வருடம் பிரிந்த இரண்டு டெங்கு வைரஸ்கள் அவர் கணக்கில் பங்காளிகள். நாலைந்து தலைமுறை தள்ளிப் பிரிந்தவை மாமன் மச்சான். டெங்குவும் ஜிகாவும் கோயில் கொடைக்கு மட்டும் முகம் பார்த்துக்கொள்கிற தூரத்துச் சொந்தம். சிக்குன்குனியாவை மட்டும் அவர் அண்டவிட மாட்டார். "அது வேற ஊரு, வேற வம்சம். ஒரே கொசுவுல ஏறி வந்துச்சுங்கதுக்காவ சொந்தமாயிருமா? ஒரே பஸ்ஸுல வந்தவன் எல்லாம் சித்தப்பனா?" என்பார். கோவில்பட்டிக் காய்ச்சல் ஆய்வகத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் கிடையாது. அங்கே வைரஸ் வாசிக்கிற மாரிக்கனிகூட எப்போதாவது சிரிப்பாள்.

இந்த உறவுமுறையெல்லாம் இந்த வருடம் வாசிப்பு மெஷின் வந்த பிறகுதான் இத்தனை துல்லியமானது. காய்ச்சல் என்று எந்தச் சுகாதார நிலையத்தில் யார் போய் நின்றாலும் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். வந்தவர் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள், அவர் உடம்பிலிருக்கும் வைரஸின் பத்தாயிரத்துச் சொச்சம் எழுத்துகளையும் மெஷின் படித்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிடும். அங்கே சுவர் அகலத் திரையில் மேலிருந்து கீழாக ஒரு கொடி படர்ந்திருக்கும். கிருமிகளின் வம்சாவளி அது. புதிதாக வந்த வைரஸ் தன் உறவைத் தானே தேடிப்போய் ஒரு நுனியில் ஒட்டிக்கொள்ளும். எந்தத் தெருக் காய்ச்சல் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பதை யாரும் மூடி மறைக்க முடியாத காலமாகிவிட்டது.

ஐப்பசி மழை ஆரம்பித்திருந்த ஒரு காலையில் டைட்டஸ் மாரிக்கனியைக் கூப்பிட்டார்.

"மேடம், இங்கன வாங்க. ஊரணித் தெருவுல நாலாங்கிளாஸ் பிள்ளைக்குக் காய்ச்சல். டெங்குதான். ஆனா பங்காளியத் தேடுதேன், அகப்பட மாட்டேங்கு."

"எதோட போய் ஒட்டுது?"

"அதான் கூத்து. இந்த வருசத்துக் கிருமி எதோடயும் ஒட்டல. கொடியில மேல, தாய்த்தண்டுப் பக்கம் போய் உக்காந்திருக்கு. பத்து வருசத்துக்கு முந்தின ஒரு நுனி மேல."

"அந்த நுனிக்குப் பங்காளியா?"

"பங்காளி இல்ல மேடம்." டைட்டஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதே ஆளு."

மாரிக்கனி திரைக்குப் பக்கத்தில் போனாள். அவர் சொல்லிக்கொண்டே போனார். "வைரஸு தன்னப் பாத்துத் தானே நகல் எடுக்குது. எடுக்கும்போது எழுத்துப்பிழை விழும். வருசத்துக்கு ஏழெட்டு எழுத்தாவது மாறணும். அதுதான் அதோட வயசு. பத்து வருசத்துல எழுவது எழுத்துக்குக் கொறையாம மாறியிருக்கணும்லா? ஒண்ணுகூட மாறல. வயசே ஏறாம அப்பிடியே வந்து நிக்கு. எங்கயோ ஒறைஞ்சு கெடந்திருக்கு. சரி, யாரோட சாம்பிள்னு பாப்போம், பேரு இல்ல, நம்பர்தான் இருக்கு…"

"பாக்க வேண்டாம் சார். அது என் மக."

டைட்டஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார். மாரிக்கனி பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்பது ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை கொடியிலும் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது.

அந்த வருடம் இதே வைரஸ் வாசிப்பைக் கற்றுக்கொள்ளத்தான் மாரிக்கனி வடக்கே பயிற்சிக்குப் போயிருந்தாள். வீட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒன்றாகக் காய்ச்சல் கண்டது. அப்பா எழுந்துவிட்டான். மகள் எழவில்லை. பயிற்சி கெட்டுவிடக் கூடாதே என்று கணவன் தவசிமுத்து கடைசிவரை போனில் சொல்லவில்லை. சொன்னபோது ரயிலேறி வந்து சேர மட்டுமே அவளுக்கு நேரம் இருந்தது. மகள் செம்பாவுக்கு அப்போது ஆறு வயது. ஊர்த் தெய்வம் செண்பகவல்லியின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள், யாரும் அதை முழுதாகக் கூப்பிட்டதில்லை. ஆய்வகத்துக்குத் திரும்பிய மாரிக்கனி, யார் தடுத்தும் கேளாமல், தன் கையால் முதலில் வாசித்தது செம்பாவின் ரத்தத்தைத்தான். பக்கத்தில் இருந்து பார்க்காதவள் எழுத்திலாவது பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அதன் பிறகு அவளும் தவசிமுத்துவும் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. அவன் ஊரணித் தெரு வீட்டிலேயே இருந்துகொண்டான். அவள் ஆய்வகக் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டாள்.

டைட்டஸ் கேட்கத் தயங்கியதை அவளே கேட்டுக்கொண்டாள். "ஃப்ரீசர்லேருந்து கசிஞ்சிருக்குமோன்னுதான நெனைக்கீங்க? வாங்க பாப்போம்."

விதிப்படி அழித்திருக்க வேண்டிய சாம்பிள் அது. அழிக்க அவளுக்குக் கை வரவில்லை. உறைபெட்டியின் அடித்தட்டில், பனி மூடி, சீல் உடையாமல் இருந்தது குப்பி. டைட்டஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்த இடத்திலேயே வைத்தார். அதற்காக மாரிக்கனி அவருக்கு என்றும் கடமைப்பட்டவள்.

குப்பி இல்லையென்றால் வேறு எங்கே? மெஷின் வருவதற்கு முந்தைய வருடங்களில் ஊரணித் தெருக் காய்ச்சல்காரர்களிடம் எடுத்து, படிக்காமல் சேமித்து வைத்திருந்த ரத்தத்தையெல்லாம் டைட்டஸ் ஒவ்வொன்றாக வாசித்தார். அதற்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"வருசா வருசம் வந்திருக்கு மேடம். ஐப்பசியில வருது. ஒருத்தரையோ ரெண்டு பேரையோ தொடுது. அதோட போயிருது. அடுத்த ஐப்பசி வரைக்கும் எங்க இருக்குன்னே தெரியல. ஒரே தெரு. ஒரே எழுத்து. என் வாயால சொல்லக் கூடாது, பேய்க்கதையிலதான் இப்பிடி வரும்."

"எத்தன பேரு செத்தாங்க?"

"ஒரு பையன். போன வருசம். கவின்னு பேரு. டெய்லர் மகன்."

டெய்லர் சுடலையாண்டியின் கடையில்தான் செம்பாவுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்தார்கள். ஐப்பசியில் செம்பா போன நாள் வருகிறது. ஊரணித் தெருவில் அவள் வீடு இருக்கிறது. படித்த படிப்பெல்லாம் ஒரு பக்கம் இருக்க, கவுன் போட்ட ஒரு பிள்ளை வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தெருவில் கதவு கதவாய்த் தட்டிக்கொண்டு போவதைத்தான் மாரிக்கனியால் நினைக்க முடிந்தது.

மறுநாள் காலையில் அவளே போய் அந்தக் கதவைத் தட்டினாள்.

தவசிமுத்து தீப்பெட்டி ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அந்தத் தொழிற்சாலையில் தீக்குச்சி மெஷின் மெக்கானிக் வேலை. விரல் இடுக்குகளில் கிரீஸ் போகாமலே கறுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"வா கனி. காப்பி போடட்டா?"

"வேண்டாம். வீட்டுல தண்ணி தேங்குத எடமெல்லாம் பாக்கணும்."

"அன்னைக்குத்தான கொசு ஒழிப்புக்காரம்மா வந்து தொட்டி, குடம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால எல்லாம் பாத்துட்டுப் போச்சு. செவுத்துல சரின்னு எழுதிட்டுல்லா போயிருக்கு."

சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது உண்மைதான். அவள் அதைத் தாண்டி உள்ளே போனாள். தொட்டி துடைத்து வைத்ததுபோல் இருந்தது. குடங்கள் துணி கட்டி இருந்தன. தவசிமுத்து சுத்தக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. சாமி அறைக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. அவள் கை வைத்ததும் அவன் குறுக்கே வந்து நின்றான்.

"தலைக்குக் குளிச்சிட்டியா?"

"என்னது?"

"சாமி ரூமு. குளிக்காம உள்ள போவக் கூடாது."

"அந்தம்மாட்டயும் இதத்தான் சொன்னீங்களா?"

அவன் கதவை விட்டு நகரவில்லை. ஊரில் எந்தக் கொசு ஒழிப்புப் பெண்ணும் சாமி அறைக்குள் நுழைவதில்லை. வீட்டுக்காரர்கள் விடுவதில்லை, அவர்களும் கேட்பதில்லை. அவ்வளவு பெரிய கொடியை வரைந்தவர்களுக்கும் இது தோன்றவில்லை. மாரிக்கனி அவனை விலக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. செம்பாவின் படம், மாலை, சிறிய மின்விளக்கு. படத்துக்குக் கீழே ரோஸ் நிறப் பிளாஸ்டிக் டப். பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற ஊரில், தண்ணீர் வரும் நாள்தான் செம்பாவுக்குத் திருவிழா. எல்லாக் குடமும் நிறைந்த பிறகு இந்த டப்பை நிறைத்து அவளைத் தூக்கி உள்ளே வைப்பார்கள். விரல் வெளுக்கும்வரை எழ மாட்டாள். இப்போது அதில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. மின்விசிறி இல்லாத, காற்றே புகாத அந்த அறையில் தண்ணீர் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

"அவ போன நாள்ல நெறைப்பேன், இந்தத் தடவ நெறைச்சு மூணு வாரமாச்சு," என்றான் தவசிமுத்து அவள் முதுகுக்குப் பின்னால். "அவ குளிச்ச தண்ணிய எடுத்து வெளிய ஊத்த மனசு வராது. தானா வத்துத வரைக்கும் விட்டுருவேன். வத்துனதும் கழுவ மாட்டேன், அப்பிடியே பரண்ல வச்சிருவேன். வெளிம்புல அவ கைபட்ட சோப்புக் கறை இன்னும் இருக்கு, பாத்தியா? ஆறாம் நாளு ஏழாம் நாளு வாக்குல தண்ணி அசையும் கனி. காத்து இல்லாம அசையும்."

மாரிக்கனி செல்போன் விளக்கைத் தண்ணீரில் அடித்தாள். கொசுவின் கூத்தாடிப் புழுக்கள் வெளிச்சத்துக்குப் பயந்து நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின. நூறு இருக்கும், அதற்கு மேலும் இருக்கும்.

"இது புழு."

"புழுன்னு எனக்குத் தெரியாதா?" அவன் டப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "தெரியும். அந்த அஞ்சாறு நாளைக்கு மட்டும் தெரிய வேண்டாம்னு வச்சிருந்தேன்."

அவள் டப்பின் விளிம்பைத் தடவினாள். சோப்புக் கறைக்குச் சற்றுக் கீழே, மணலை ஒட்டவைத்ததுபோல் கறுப்பாகச் சொரசொரத்தது. முட்டைகள். கொசு தன் முட்டைகளைத் தண்ணீர் விளிம்பில் ஒட்டிவிட்டுப் போகும் என்பதும், காய்ந்தாலும் அவை சாகாமல் கிடக்கும் என்பதும், தண்ணீர் பட்டால் எல்லாம் ஒரே தடவையில் பொரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பொரியும் என்பதும் அவள் பாடத்தில் படித்தது. பாடத்தில் ஒரு வருடம் தாங்கும் என்றிருந்தது. மழையை நம்ப முடியாத இந்தக் கரிசல் காட்டுக் கொசு பத்து வருடம் காத்திருக்கப் பழகிவிட்டது போலும். அதன் வயிற்றில் இருந்த கிருமியும் முட்டைக்குள் இறங்கி, நகல் எடுக்காமல், ஓர் எழுத்தும் மாறாமல், கூடவே காத்திருந்திருக்கிறது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள்.

"அப்ப இந்த முட்டை…" என்றான் அவன்.

"செம்பாவக் கடிச்ச கொசு இட்டது. அவ காய்ச்சலா கெடக்கும்போது. அவ ரத்தத்தக் குடிச்சிட்டு."

"எனக்கு ஏன் ஒண்ணும் ஆகல? என்னையும்தான கடிக்கி."

"ஒங்களுக்கு அவகூடவே இந்தக் காய்ச்சல் வந்து போயிருச்சுல்லா. ரெண்டாம் தடவ அதே கிருமி ஒங்கள ஒண்ணும் செய்யாது. மத்தவங்களத்தான் செய்யும்."

தவசிமுத்து படத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவள் எதற்குப் பயந்துகொண்டு வந்தாளோ அதைக் கேட்டான்.

"போன வருசம் டெய்லர் மகன் கவினு… நாந்தான் அவன வண்டியில வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் மாமா மாமான்னான். அது… அதுவுமா கனி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அறிக்கையில் தெருப் பெயர் மட்டும்தான் போகும், வீட்டு எண் போகாது. ஒரு பொய்யில் அவனைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் பத்து வருடத்துக்கு முன்னால் இவன் போனில் சொல்லாமல் விட்டதை இன்றுவரை மன்னிக்காதவள் அவள். வாய் திறக்காமல் அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு அது போதுமாயிருந்தது.

டப்பைப் பின்கட்டுக்குத் தூக்கிப் போனார்கள். தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். தவசிமுத்து தேங்காய் நாரால் விளிம்பைத் தேய்த்தான். முட்டையோடு சோப்புக் கறையும் போயிற்று. தேய்த்து முடித்ததும் அந்த நாரைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைபோல் அழுதான். மாரிக்கனி மருந்தடிக்க மறுபடி சாமி அறைக்குள் போனாள். இருட்டு மூலையிலிருந்து ஒன்று பறந்து வந்து அவள் மணிக்கட்டில் உட்கார்ந்தது. கறுப்புக் காலில் வெள்ளை வரி. அடிப்பதற்கு இடது கை எழுந்தது. எழுந்த கை அப்படியே நின்றது. எத்தனை நேரம் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. பின்புதான் அடித்தாள். உள்ளங்கையில் புது ரத்தம் இருந்தது.

ஐந்தாறு நாளில் காய்ச்சல் கண்டது. எலும்பெல்லாம் யாரோ முறுக்குவதுபோல் வலித்தது. அரசு மருத்துவமனைத் தனி வார்டில், டெங்குக் கொசு பகலில் கடிக்கிற சாதி என்பதால் பகலிலும் வலை கட்டிப் படுக்க வைத்தார்கள். கடி எப்படிப் பட்டது என்று டாக்டர் கேட்டதற்கு, வேலை நேரத்தில் என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் தவசிமுத்து வந்தான். வலைக்கு வெளியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"டெய்லர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அவரு ஒண்ணும் சொல்லல. தச்சிட்டிருந்த துணிய முழுசாத் தச்சு முடிச்சாரு. பொறவு எந்திரிச்சு உள்ள போயிட்டாரு. அந்தம்மாதான் வாசல் வரைக்கும் வந்துச்சு." அவன் கையைப் பிசைந்தான். "வெளாட ஆளில்லாம ஒங்க பிள்ள எம்பிள்ளையக் கூப்ட்டுக்கிட்டாளா அண்ணாச்சின்னு கேட்டுச்சு. ஏசியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் கனி."

அவன் போன பிறகு டைட்டஸ் வந்தார். வழக்கமான கலகலப்பு இல்லை. கையிலிருந்த டேப்லெட்டை வலையோடு ஒட்டிப் பிடித்தார்.

"ஒங்க ரிசல்ட்டு மேடம். அதேதான். ஆனா ஒரு எழுத்து மாறியிருக்கு."

மாரிக்கனி தலையணையிலிருந்து எழுந்தாள். கொடியில், பத்து வருடமாய் மொட்டையாக நின்ற செம்பாவின் நுனியிலிருந்து கீழே சின்னதாய் ஒரு புதுத் துளிர் இறங்கியிருந்தது. மேலே மகள். மகளுக்குக் கீழே அம்மா. மெஷினுக்கு மனுசர் முறை தெரியாது. எது எதிலிருந்து வந்தது என்று மட்டும்தான் தெரியும்.

"முறைப்படி பாத்தா நீங்க ஒங்க பிள்ளைக்குப் பொறந்த…" டைட்டஸ் பாதியில் நிறுத்திக்கொண்டார். "ஒண்ணு புரியுதா மேடம்? முட்டையில தூங்குன வரைக்கும் அது மாறல. ஒங்க ஒடம்புல முழிச்சிருச்சு, நகல் எடுக்க ஆரம்பிச்சிருச்சு. மத்தவங்களுக்கு மொத நாளே ரத்தம் எடுத்ததால இது தெரியல. ஒரு கொசு ஒங்களக் கடிச்சிட்டுப் போச்சுன்னா இனி ஐப்பசிக்குக் காத்திருக்காது. ஊரு பூரா வளரும். வீட்டுல எல்லாம் அழிச்சாச்சு, அந்த நாலாங்கிளாஸ் பிள்ளைக்கும் சரியாயிருச்சு. குப்பியில ஒறைஞ்சு கெடக்குதத விட்டா, இப்ப அது உயிரோட இருக்குற ஒரே எடம் நீங்கதான். காய்ச்சல் எறங்கிட்டா முடிஞ்சுது."

அவர் நல்ல செய்தியாகத்தான் சொன்னார். மாரிக்கனியும் தலையாட்டினாள். ஒரு எழுத்து வளர்ந்திருக்கிறாள் என்று முதலில் பூரித்துப்போன மனசை நினைத்து அவளுக்கே கூசியது. கவின் முகம் நினைவுக்கு வந்தது. டெய்லர் பெண்டாட்டியின் கேள்வி காதில் கேட்டது. வலையின் ஓரங்களை இழுத்து மெத்தைக்கு அடியில் சுற்றிலும் இறுக்கிச் செருகினாள். கால் மாட்டில் தொங்கிய ஓரத்தையும் எழுந்து குனிந்து செருகினாள்.

"போதும்டி செம்பா," என்றாள் வாய்க்குள். "வெளிய போவக் கூடாது. அம்மாகூடயே இரு."

அன்று முழுக்க அவள் தண்ணீர் கேட்கவில்லை, முனகவில்லை. வலியோடு ஒரு பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டதுபோல் கிடந்தாள். மறுநாள் உச்சிவேளைக்கு வேர்த்துக் கொட்டியது. நர்ஸ் பெண் வலைக்குள் கைவிட்டுத் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"நார்மலாயிட்டு அக்கா! இனி ஒண்ணும் பயமில்ல. ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்."

மாரிக்கனி நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். கழுத்தில் வைத்துப் பார்த்தாள். எங்கும் சூடு இல்லை.

"இன்னொரு தடவ வச்சிப் பாரு தாயி," என்றாள்.